தெரியாத ஊருக்குப் படமெடுக்கப் போனால் முதலில் எங்கே போவீர்கள்? சந்தையிலும் பழம்பொருள் கடையிலும் கேமராவை அனுமதிப்பார்களா? சில கடைகளில் ‘போட்டோ எடுக்கக் கூடாது’ என்று பலகை வைப்பது ஏன்?

விடியற்காலையில் சந்தை, வெயில் ஏறியதும் பழம்பொருள் கடை. எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இதுதான் வரிசை. அனுமதிப்பார்களா என்றால், சந்தையில் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. பழைய சாமான் கடையில் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

என் தொழில் கல்யாணப் படம் எடுப்பது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்கு ரயில் ஏறிவிடலாம் என்று ஆரம்பித்த பழக்கம் இது. மார்கழி என்றால் கொல்கத்தா, மும்பை. ஆடி என்றால் மழையோடு மழையாகக் கொச்சி.

வரிசைக்குக் காரணம் வெளிச்சம்தான், வேறு தத்துவம் எதுவும் இல்லை. பத்து மணிக்கு மேல் வெயில் நேர் மேலே இருந்து இறங்கும், முகத்தில் கண்குழி கறுத்துப்போகும். அந்த நேரத்துக்கு உள்ளே ஒதுங்க ஓர் இடம் வேண்டும். மியூசியத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், பக்கத்தில் நிற்கும் காவலர் பேச மாட்டார். பழைய சாமான் கடையில் பொருளைத் தொட்டுப் பார்க்கலாம், கடைக்காரர் பேசுவார், சில சமயம் டீயும் வரும்.

கொல்கத்தாவில் நான் முதலில் போவது மல்லிக் காட் பூச்சந்தை. 1943-இல் திறந்த ஹவுரா பாலத்தின் காலடியில், ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. பாலத்தின் மேல் நின்று கேமராவைத் தூக்கினால் போலீஸ்காரர் விசில் அடிப்பார், கீழே சந்தையில் அந்தத் தொல்லை இல்லை. கேந்திப்பூவை (சில ஊர்களில் செண்டுமல்லி) மாலையாகக் கட்டி, மலைப்பாம்பு போலத் தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டு சுமைக்காரர்கள் ஓடுவார்கள். அவர்கள் வழியில் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் அங்கே விதி. படமெடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அந்த ஆரஞ்சு நிறத்தில் சிவப்பு சேனல் (படத்தின் சிவப்பு நிறப் பகுதி) மட்டும் தனியாக எரிந்துவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) ஒழுங்காகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் பூவில் ஓர் இதழ்கூடத் தனியாகத் தெரியாது, ஆரஞ்சு நிறப் பசை மாதிரி இருக்கும். அதனால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அளவு) குறைத்தே எடுப்பேன்.

மதியம் ரஸ்ஸல் தெருப் பக்கம் போவேன். அங்கே ‘ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச்’ என்ற ஏலக்கூடம் 1940-லிருந்து நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஏலம் பார்க்கத் தோதான நாள். மேஜை, நாற்காலி, பீங்கான், சுவர்க்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வரும். 1947-க்குப் பிறகு வெள்ளைக்காரர்களும், ஆங்கிலோ-இந்தியர்களும், ஆர்மேனியர்களும், பாக்தாதி யூதர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கத்தாவை விட்டுக் கிளம்பினார்கள். கப்பலில் ஏற்ற முடியாததெல்லாம் இப்படி ஏலத்துக்கு வந்தது. இன்று வருவதில் பாதி பழைய வங்காள ஜமீன் வீடுகளை இடிக்கும்போது வெளியேறுபவை என்று அங்கே ஏலம் எடுக்க வரும் ஒருவர் சொன்னார்.

போட்டோக்காரன் என்பதால் எனக்கு அங்கே வேறொரு தேடலும் உண்டு. எஸ்பிளனேடு பக்கம் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்ற ஸ்டூடியோ இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, 1911 தில்லி தர்பாரை அதிகாரபூர்வமாகப் படமெடுத்தவர்கள். 1991-இல் தீப்பிடித்துப் பழைய நெகடிவ்கள் பெருமளவு அழிந்தன. 2016-இல் கடையையே மூடிவிட்டார்கள். அவர்கள் பெயர் பொறித்த பழைய அட்டைப் படங்கள் எப்போதாவது கடைகளில் தலைகாட்டும். விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பி வைத்துவிடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழம்பொருள் கடையில் நான் முதலில் கேட்பது விலை அல்ல, “இது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது?” என்பதுதான். அடுத்து எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறது.

மட்டாஞ்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் யூதர் தெரு. 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம், அதன் பக்கத்தில் மணிக்கூண்டு, உள்ளே தரை முழுக்கச் சீனாவில் கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். 1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு சமூகம் மொத்தமாகக் கிளம்பிப்போய், மிஞ்சியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்கள். அந்தத் தெருவில் பூவேலைத் துணிக்கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019-இல் தன் 96 வயதில் இறந்தார். யூதர்கள் வாழ்ந்த வீடுகளில்தான் இன்று பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. கீழே சர்ச்சுகளிலிருந்து வந்த மரத் தேவதூதர்கள், மேலே தொங்கும் விளக்குகள், பித்தளைப் பட்டை அடித்த நெட்டூர்ப் பெட்டிகள். ஒரு கடைக்குள் முழு நீளச் சுண்டன் வள்ளமே (பாம்புப் படகு) கிடக்கிறது.

சுற்றுலா வருபவர்கள் இதெல்லாம் யூத வீட்டுச் சாமான் என்று நினைத்து நெகிழ்ந்துபோய்ப் படமெடுக்கிறார்கள். தெருவுக்கும் சரக்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. கடைக்காரர்களில் பலர் காஷ்மீரிகள். சரக்கு கோவாவிலிருந்து வரும், இடித்துக் கட்டிய சர்ச்சுகளிலிருந்து வரும். ஆளுயரத்துக்கும் மேலே, உருண்டு பளபளத்த மரத்தூண் ஒன்றைக் காட்டி, “சேட்டா, இது எங்கிருந்து?” என்று கேட்டேன். “உங்க நாட்டுச் சாமான்தான் சாரே, காரைக்குடி” என்றார் தமிழிலேயே.

திருநெல்வேலிக்காரன் நான். காரைக்குடி வழியாக எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை. கொச்சிக்காரர் சொல்லித்தான் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன்.

அந்தத் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா முத்திரை போட்ட எனாமல் தூக்குகள், மரவைகள் (மரப் பாத்திரங்கள்), பல்லாங்குழிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், கழற்றி நிறுத்திய நிலைக்கதவுகள். இதெல்லாம் எங்கிருந்து என்று கேட்கவே வேண்டாம், எதிர்த் தெருவிலிருந்து வருவதுதான். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்த காலத்தில் தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து இழைத்த வீடுகள் அவை. 1929-க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. அதுவே அங்கே பகையாகவும் ஆனது. 1942-இல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. பர்மா விடுதலையடைந்த பின் நிலங்கள் அரசுடைமை ஆயின, அறுபதுகளில் மிச்சத் தொழிலும் போனது. வீடு மட்டும் இங்கே நிற்கிறது. ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரில். ஓடு மாற்றுவதற்கே லட்சக்கணக்கில் ஆகும். ஒத்துவராதபோது வீட்டைப் பிரித்து விற்கிறார்கள். தூண் ஒரு விலை, கதவு ஒரு விலை, தரைக்கல் ஒரு விலை.

மூன்று நாள் அந்தத் தெருவை விட்டு நான் நகராமல் இருந்ததற்குக் காரணம் வேறு: போட்டோக்கள். கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியில் ஓர் ஆச்சியப்பன், பின்னால் வரைந்த தூணும் தோட்டமும். அட்டையின் கீழ் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஸ்டூடியோக்களின் பெயர் அழுத்தி அச்சிட்டிருக்கும். சிலவற்றில் நகைக்கு மட்டும் தங்க நிறம் தீட்டியிருப்பார்கள். ஸ்டூடியோ பெயர் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவர் பெயர் எதிலும் இல்லை. (ஆச்சியப்பன் என்று நானாகத்தான் வைத்துக்கொண்டேன்.)

“இந்தப் படம் எவ்வளவுண்ணே?”

“படத்துக்கு எங்க தம்பி விலை? சட்டத்துக்குத்தான். தேக்குச் சட்டம் பாருங்க.”

வாங்குகிறவர்கள் படத்தைப் பிரித்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்களாம். பிரித்த படங்களை அவர் கயிறு போட்டுக் கட்டி ஒரு மூலையில் வைத்திருந்தார். கல்யாணப் படமெடுப்பவனுக்கு அது சாதாரணக் காட்சி இல்லை. இப்போது நான் கொடுக்கும் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் குடும்பப் படத்தில் யார் யார், என்ன உறவு, எந்த ஊர் என்று அச்சிட்டே கொடுக்கிறேன். “எங்களுக்குத் தெரியாதா தம்பி?” என்று சில வீடுகளில் சிரிக்கிறார்கள்.

சரி, ‘போட்டோ எடுக்கக் கூடாது’ பலகை ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு காரணம். முதலாவது வியாபாரம்: படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, கடைக்காரருக்குத் தெரியாமலே பொருளை மூன்றாவது ஆளுக்கு விலை பேசும் தரகர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள். ஓலைச்சுவடிக்கு 75 வருஷம். வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கேமராவோடு வருபவன் அதிகாரியா, பத்திரிகைக்காரனா என்ற பயம் நியாயமாக வியாபாரம் செய்பவருக்கும் இருக்கும்.

பயத்துக்கு அர்த்தமும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவில் நடராஜரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது திருட்டுச் சிலைதான் என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். ஆவணத்துக்காக எடுத்த படம், அழகுக்காக எடுத்ததில்லை. என் கணக்கில் நம் தொழிலில் யாரும் எடுத்த படங்களில் அதற்கு ஈடாக அதிகம் இல்லை.

அதனால் நான் செய்வது இது. கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்ப்பேன், ஊர் எது என்று கேட்பேன், நான் எடுத்த வேறு கடைப் படங்களைப் போனில் காட்டுவேன். விலைச்சீட்டும் சிலைகளும் படத்தில் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் கெஞ்சுவதில்லை, அடுத்த கடை இருக்கிறது.

லென்ஸ் கேட்பவர்களுக்கு: 35 மிமீ ஒன்று போதும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். எதிரில் இருக்கும் கண்ணாடிகளில் எல்லாம் உங்கள் முகம்தான் வரும். வாசல் பகல் வெளிச்சம் நீலமாகவும் உள்ளே பல்பு மஞ்சளாகவும் விழும், இரண்டையும் சமப்படுத்தப் போராடாதீர்கள், கடை அப்படித்தான் இருக்கிறது.

மும்பை சோர் பஜாருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டன் தெருக் கடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று கடைகள் மூடித் தெருச்சந்தைதான் நடக்கும். தெருச்சந்தைதான் வேண்டும் என்றால் அன்றைக்கே, இருட்டு விலகும் முன்னால் போங்கள். பழைய சினிமா போஸ்டர், மூடிய ஈரானி கபேக்களின் வளைமர நாற்காலி இரண்டும் அங்கே பார்க்கத் தகுந்தவை. பித்தளைக் குழாய் வைத்த கிராமபோனையும் ‘லண்டன் 1885’ என்று பொறித்த திசைகாட்டியையும் படமெடுங்கள், வாங்காதீர்கள். பெரும்பாலும் மொராதாபாத், ரூர்க்கி பக்கம் புதிதாகச் செய்தவை. திருப்பிப் பார்த்து ஸ்டார் ஸ்குரூ இருந்தால் அப்படியே கீழே வைத்துவிடலாம், அந்த வகைத் திருகே 1930-களில்தான் வந்தது.

படமெடுத்ததற்காக ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. நான் தபால் அட்டையோ பித்தளைக் கொக்கியோ வாங்குவேன், ரயில் பெட்டியில் அடங்கும். சாமி சிலை மாதிரி எதையும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், ரசீது தருகிறேன் என்றாலும் தொடுவதில்லை.