சாய்ந்தது வீடா, கைப்பேசியா?

கேள்வி: ஊரிலிருந்து வந்த அம்மாவைத் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் உள்ள வானவில் நிற டான் டெங் நியா இல்லத்தின் முன் நிறுத்தி நண்பகலில் படம் எடுத்தேன். வீடு பின்பக்கம் சாய்ந்ததுபோல் விழுந்திருக்கிறது. அம்மாவின் கண்களே தெரியவில்லை. கைப்பேசியை மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம். நின்ற இடத்தையும் சென்ற நேரத்தையும் மாற்றினால் போதும்.

கூரையையும் சேர்த்துப் பிடிக்கும் ஆசையில் கைப்பேசியை அண்ணாந்து பிடித்திருப்பீர்கள். அப்போது சுவரின் செங்குத்துக் கோடுகள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கி, வீடு சாய்ந்ததாகக் காட்டும். கேமரா அமைப்புகளில் கட்டக் கோடுகளை (grid) வரவழைத்து, சன்னல் சட்டத்தின் ஓரம் அக்கோட்டோடு ஒட்டி நிற்கும்வரை கைப்பேசியை நிமிர்த்துங்கள். கூரை வெட்டுப்பட்டால் பின்னால் நகருங்கள்; தரை கூடுதலாக விழுந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அகலக் கோண லென்ஸுக்கு மட்டும் மாறாதீர்கள். ஓரத்தில் நிற்பவரின் முகத்தை அது இழுத்துவிடும். அம்மா மன்னிக்க மாட்டார்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருப்பதால், உச்சிவெயில் புருவத்தின் நிழலைக் கண்குழிக்குள் தள்ளிவிடுகிறது. நம் கடிகாரத்தில் அந்த உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, 1 மணியை ஒட்டியே வருகிறது என்பதால், மதிய உணவு முடித்து வருபவர்கள் சரியாக அதில் மாட்டிக்கொள்கிறார்கள். காலை எட்டரை மணிக்குள் செல்லுங்கள். மேகமூட்டமான நாள் என்றால் இன்னும் நல்லது, நிறங்கள் வெளுக்காமல் விழும்.

மிட்டாய்த் தொழில் நடத்திய சீன வணிகர் ஒருவருக்காக 1900இல் எழுந்த இந்த எட்டு அறை வீடுதான் லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை. இன்றைய வானவில் பூச்சு 1980களின் மறுசீரமைப்புக்குப் பின் வந்தது. முன்பு சுவர்கள் வெள்ளை. ஏற்கெனவே உரக்கப் பேசும் நிறங்கள் இவை. செயலியில் மேலும் ஏற்றினால் கண் கூசும். வெயிலில் அந்தச் சுவரின் நிறம் அருகில் நிற்பவரின் கன்னத்திலும் படியும் என்பதால், அம்மாவைச் சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னால் நிறுத்துங்கள். பூப்போட்ட சேலையைவிட ஒற்றை நிறச் சேலை இங்கே எடுப்பாக இருக்கும். அம்மாவின் முகத்தைத் திரையில் தொட்டு வெளிச்சத்தை அளந்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.