அம்மா உறையின் மேல் எழுதிய விலாசம்

வெளியூரில் இருந்தபோது அம்மா எழுதிய கடிதங்களில் மறக்க முடியாதது எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்துக்கு முன்னால் உறைதான் கண்ணில் நிற்கிறது.

1996-ல் வேலை கிடைத்து, மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் வந்தேன். பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைப் பக்கம் வாடகை அறை. சாலையின் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களே பங்கு சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக, மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் தாத்தாவும் பங்கு சேர்ந்தவர். “நம்ம சம்பந்தன் பேர் போட்ட ரோடா? அப்ப எனக்குப் பயமில்ல” என்றார்.

அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். பிறகு பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போய்விட்டார். அந்த வேலையை விட்டுப் பல வருஷமாகியும் விடியக்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். கடிதம் எழுதுவதும் அந்நேரம்தான். முற்றுப்புள்ளியே இருக்காது. “பசியாறாம வேலைக்குப் போகாதே மழையில நனைஞ்சா தலையை நல்லாத் துவட்டு முருங்கை காய்ச்சுத் தொங்குது நீ இல்லாம பறிக்க மனசு வரல” என்று ஒரே மூச்சில் ஓடும்.

தைப்பூசத்துக்கு பினாங்கில் விடுமுறை உண்டு. கோலாலம்பூரில் அப்போது கிடையாது, 2008-லிருந்துதான். ஒரு வருஷம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வந்த உறையைப் பிரித்ததும் மடியில் விபூதி கொட்டியது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் வாங்கி, காலண்டர் தாளில் மடித்து வைத்திருக்கிறார். வழியில் மடிப்பு பிரிந்து கடிதமெல்லாம் திருநீறு. அந்தக் கடிதத்தை நான் தட்டவே இல்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

உறைக்கு வருகிறேன். அம்மாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். ஆரம்பத்தில் விலாசத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக்கொடுப்பான். அவன் பள்ளி விட்டு வரும்வரை கடிதம் காத்துக் கிடக்கும். அது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குப் போனபோது, “உன் விலாசத்தைப் பெருசா எழுதிக் கொடு பாப்பா, நானே பாத்து எழுதிக்கிறேன்” என்றார். ஓர் அட்டையில் எழுதிக்கொடுத்தேன். அவசரத்தில் அஞ்சல் குறியீட்டை 50450 என்று எழுதி, பின்னால் வந்த 5-ஐ அடித்துவிட்டு மேலே 7 போட்டேன்.

இரண்டு வாரத்தில் வந்தது அம்மா கைப்பட எழுதிய முதல் உறை. பென்சிலில் கோடு இழுத்து, அதன்மேல் ஒவ்வோர் எழுத்தாக, பின்பக்கம் தடிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார். கடைசி வரியில் அந்த 5. அதன் குறுக்கே ஒரு கோடு. மேலே சின்னதாக 7.

எட்டு வருஷம் எல்லா உறையிலும் அப்படியே வந்தது. நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை.

2004-ல் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு மாறினேன். புது விலாசத்தைப் பார்த்துப் பார்த்துச் சுத்தமாக எழுதிக்கொடுத்தேன். அம்மா வாங்கி, கண்ணருகே பிடித்து, கடைசி வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

“மேல ஒரு நம்பர் வருமே பாப்பா, அதைக் காணோமே?”

அப்போதுதான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பழைய அட்டையைத் தூக்கிப் போடவும் இல்லை. இன்றைக்கும் அது பட்டர்வொர்த் வீட்டுச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.