இங்கே நடந்ததுக்கு ஜேர்மனியில் வழக்குப் போட முடியுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "2008-ல் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த என் தம்பியை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அப்போது பொறுப்பாக இருந்தவர் என்று நாங்கள் நம்பும் அதிகாரி இப்போது ஓய்வுபெற்று, ஜேர்மனியில் இருக்கும் மகளிடம் வந்து போகிறாராம். அங்கே வசிக்கும் என் தங்கை சொல்கிறாள். அங்கே வழக்குப் போடலாமா? பேஸ்புக்கில் அவருடைய படத்தைப் போடப் போவதாகவும் தங்கை சொல்கிறாள்."

அம்மா, முதலில் தங்கைக்கு ஒரு கோல் எடுத்து, படத்தைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் வெளியே வந்தால் அந்த மனிதர் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார், பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார். இந்த வகை வழக்குகள் ஆள் அந்த நாட்டில் இருக்கும்போதுதான் உயிர் பெறுகின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். முறைப்பாடு கொடுக்கலாம். சித்திரவதை, போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றை, அவை எங்கே நடந்திருந்தாலும், செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும் விசாரிக்கப் பல நாடுகளின் சட்டத்தில் இடம் உண்டு. உலகளாவிய நியாயாதிக்கம் என்று இதைச் சொல்வோம். இலங்கை ரோம் சாசனத்தில் சேராததால், ஹேக்கில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு நீங்கள் நேரே போக வழியில்லை. அதனால்தான் பிற நாடுகளின் சாதாரண நீதிமன்றங்கள் நமக்கு இவ்வளவு முக்கியமாகின்றன.

ஜேர்மனியில் இது நடந்து காட்டிய விஷயம். சிரியாவின் உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லான் டமஸ்கஸில் ஒரு தடுப்பு முகாமின் விசாரணைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். பிறகு நாட்டைவிட்டு வந்து பெர்லினில் குடியேறினார். கோப்லென்ஸ் நகரில் உள்ள உயர் பிராந்திய நீதிமன்றம் 80-க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, 2022 ஜனவரி 13 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தானே கையால் அடித்தாரா என்பதை வைத்து அவர் தண்டிக்கப்படவில்லை. அந்த இடம் அவர் பொறுப்பில் இயங்கியது என்பதே அவரைக் குற்றவாளியாக்கியது. சுவிட்சர்லாந்தில் காம்பியாவின் முன்னாள் உள்துறை அமைச்சர் உஸ்மான் சொன்கோவுக்கு 2024 மே மாதம் 20 வருடச் சிறை விதித்தார்கள்.

"அதிகாரிக்கு விலக்குரிமை இருக்குமே" என்று சிலர் உங்களைப் பயமுறுத்துவார்கள். பதவி காரணமாக வழக்கிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பதவியில் இருக்கும் ஜனாதிபதி, பிரதமர், வெளியுறவு அமைச்சர் ஆகியோரை வேறு நாட்டு நீதிமன்றம் தொட முடியாது. 2002-ல், நாடுகளுக்கிடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றம் கொங்கோ வெளியுறவு அமைச்சர் விடயத்தில் இதை உறுதிப்படுத்தியது. தூதுவராக அங்கீகரிக்கப்பட்டவருக்கும் அந்த நாட்டில் பாதுகாப்பு உண்டு. ஓய்வுபெற்ற அதிகாரியின் நிலை வேறு. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 ஒக்டோபரில் லண்டனில் கைதானபோது, சித்திரவதைக்கு அந்தக் கவசம் இல்லை என்று அப்போது பிரித்தானியாவின் உச்ச மன்றாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. நீங்கள் சொல்லும் அதிகாரி ஓய்வுபெற்றவர் என்றால், இது உங்களுக்குச் சாதகம்.

ஆனால் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஜேர்மன் சட்டப்படி ஒரு தம்பியைக் கொண்டுபோனது மட்டும் போதாது. பொதுமக்கள்மீது பரவலாக அல்லது திட்டமிட்டு நடந்த தாக்குதலின் ஒரு பகுதி அது என்று காட்ட வேண்டும். ஆகவே உங்கள் கோப்பு மற்றக் குடும்பங்களின் கோப்புகளோடு சேர்ந்துதான் பலம் பெறும். ஐ.நா. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் மனித உரிமைகள் பேரவையின் 2021-ம் ஆண்டு 46/1 தீர்மானத்துக்குப் பிறகு இலங்கை பற்றிய ஆதாரங்களைச் சேகரித்துப் பாதுகாத்து வருகிறது. உங்கள் விபரம் அங்கேயும் போய்ச் சேரட்டும்.

இனி உங்கள் வீட்டில் இருக்கும் கடதாசிகள். புதுக்கடையில் என்னிடம் வரும் அம்மாமார் ஒரு சொப்பிங் பையில் எல்லாவற்றையும் கொண்டு வருவார்கள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், செஞ்சிலுவைக் குழுவின் அட்டை, ஆட்கொணர்வு மனுவின் பிரதி. கூடவே, "அப்படி ஒருவரை நாங்கள் கைது செய்யவில்லை" என்று ஏதாவது முகாமிலிருந்து வந்த இரண்டு வரிக் கடிதம். அந்தக் கடிதத்தைப் பிரயோசனமில்லை என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறும். பலவந்தமாகக் காணாமலாக்குதல் என்ற குற்றத்தில், ஆளைப் பிடித்ததோடு, பிடித்ததை மறுப்பதும் ஒரு பகுதி. அந்த இரண்டு வரி அந்த மறுப்பின் ஆதாரம். நீங்கள் ஏறி இறங்கிய வாசல்கள் எல்லாம், திகதியோடு, கோப்பில் இருக்க வேண்டும்.

இந்தக் கடதாசிகளை லமினேட் பண்ணாதீர்கள். பண்ணிவிட்டால் பரவாயில்லை, பிய்க்கப் போகாதீர்கள். பழைய படங்களை போனில் வைத்திருப்பவர்கள் மூலக் கோப்பை அப்படியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் படம் எடுத்த நேர விபரம் அழிந்துவிடும். ஒரு பிரதி தங்கையிடம் இருக்கட்டும்.

உங்கள் பொலிஸ் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும், நீங்கள் வாசிக்காமலே கையொப்பம் வைத்திருப்பீர்கள். பெரும்பாலானவர்களின் கதை அதுதான். அதை இப்போது ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் தமிழில் வாசித்துப் பாருங்கள். நேபாள இராணுவக் கேணல் ஒருவர் 2013-ல் இங்கிலாந்தில் கைதாகி, சித்திரவதை வழக்கில் விசாரிக்கப்பட்டு, 2016-ல் விடுதலையானார். அந்த வழக்கு நடுவில் மொழிபெயர்ப்புச் சிக்கலாலும் இழுபட்டது. திகதியோ, வான் வண்டியின் நிறமோ முறைப்பாட்டில் பிழையாக இருந்தால் திருத்தக் கூடாது. என்ன பிழை, எப்படி வந்தது என்று தனியாக ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். லொட்ஜில் கண்ணால் கண்டவர் யாராவது உயிரோடு இருந்தால், அவருடைய பெயரையும் இருக்கும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டு எழுத வேண்டாம். நாலு இடத்தில் நாலு விதமாகப் பதிவான வாக்குமூலத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிய்த்தெடுப்பார்.

ஜேர்மனியில் முறைப்பாடு போவது கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள சமஷ்டி தலைமை வழக்குத்தொடுநருக்கு. அதற்குக் கட்டணம் இல்லை, யாரும் கொடுக்கலாம். ஆனால் விசாரிப்பதா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், வருடக்கணக்கில் எடுக்கலாம். தங்கை தனியாகப் போகாமல், இப்படியான வழக்கில் பழகிய ஒரு ஜேர்மன் சட்டத்தரணியோடு போகட்டும். அதிகாரி எந்த நகரத்தில், எந்த மாதங்களில் வந்து போகிறார் என்பதைத் தங்கை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வைக்கட்டும். பின்தொடர வேண்டாம், பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் வழக்குப் பாதிக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். அவசரப்பட்டு எடுக்காதீர்கள். மரணம் என்று சொல்லாமல், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் காட்டும் சான்றிதழை 2016 முதல் சட்டம் அனுமதிக்கிறது. வங்கி, காணி அலுவல்களுக்கு அது உதவும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்த இலக்கம் இருந்தால் அதையும் கையில் வைத்துக்கொண்டு, பையை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.