பழைய செஸ் ஆட்டத்தில் ஒரு பெயர்: ஆளைத் தேடுவது எப்படி?

கேள்வி: பழைய ஆங்கிலச் செஸ் தொகுப்பு ஒன்றில், 1850-களில் கல்கத்தா கிளப்பில் நடந்த ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். ஆடியவரின் குடும்பப் பெயர் மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. அவர் யார், பிறகு என்ன ஆனார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். அந்த ஆட்டம் முதன்முதலில் எந்த இதழில், எந்த மாதம் வந்தது என்பதை முதலில் பிடியுங்கள். கல்கத்தா ஆட்டங்கள் கப்பலில் லண்டன் போய், ஆங்கிலேய செஸ் வீரர் ஸ்டான்டன் 1841இல் தொடங்கிய 'செஸ் பிளேயர்ஸ் கிரானிக்கிள்' போன்ற இதழ்களில் அச்சாயின. அச்சான ஆண்டையே ஆடிய ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூல இதழில் ஆட்டத்துக்கு மேலே ஓரிரு வரி முன்குறிப்பு இருக்கலாம். ஆடியவரின் தொழிலோ பதவியோ அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு கோக்ரேன்களைப் பாருங்கள். செஸ் வீரர் குலாம் காசிமுடன் சேர்ந்து 1829இல் மதராஸில் முசியோ கேம்பிட் (காயைக் கொடுத்துத் தாக்கும் ஒரு தொடக்க முறை) பற்றி நூல் வெளியிட்டவர் ஜேம்ஸ் கோக்ரேன். கல்கத்தாவில் பல்லாண்டுகள் பாரிஸ்டராக இருந்து, பெட்ரோவ் என்னும் தொடக்க முறையில் குதிரையைக் கொடுத்துத் தாக்கும் கேம்பிட்டுக்குத் தன் பெயரைத் தந்தவர் ஜான் கோக்ரேன். ஒரே நாடு, ஒரே குடும்பப் பெயர், ஒரே விளையாட்டு. ஆனால் ஆள் வேறு. எனவே பெயர், ஊர், தொழில் மூன்றும் தனித்தனிச் சான்றுகளில் ஒத்துப்போகும்வரை 'இவர்தான் அவர்' என்று எழுதாதீர்கள்.

உங்கள் ஆள் ஐரோப்பியரானால் வழி நேரானது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் பெயர்கள் ஆண்டுதோறும் வந்த 'ஈஸ்ட் இந்தியா ரெஜிஸ்டர்' போன்ற பட்டியல்களில் இருக்கும். வங்காளம், மதராஸ், பம்பாய் மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. பெரும்பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். அவர் இங்கிலாந்து திரும்பியிருந்தால் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுங்கள். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரும் இருக்காது. 1851 முதல் இரண்டும் தெளிவாகக் கிடைக்கும். 1858 முதல் உயில்களுக்கு நாடு தழுவிய அட்டவணை உண்டு. இறந்த தேதியும் இடமும் அதில் தெரிந்துவிடும்.

இந்தியரானால் இந்த வழிகள் ஏறக்குறைய எல்லாமே அடைபடும். ஜான் கோக்ரேனுக்கு எதிரே உட்கார்ந்த மகேஷ்சந்திர பானர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று குரூன்ஃபெல்ட் என்று அழைக்கும் தற்காப்புத் தொடக்க முறையை, ஆஸ்திரிய வீரர் குரூன்ஃபெல்ட் 1922இல் ஆடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பே, 1855இல் ஆடியவர் அவர். இத்தகைய ஆட்டக்காரரைப் பல இடங்களில் 'பிராமணர்' என்று மட்டுமே குறித்தார்கள். பெயரைப் போட்ட இடங்களிலும் எழுத்துக்கூட்டல் மாறிக்கொண்டே இருக்கிறது. மொகேஷ்சந்தர், மொகிஷுந்தர் என எல்லா வடிவங்களிலும் தேட வேண்டும். குடும்பப் பெயரைப் பானர்ஜி, பொன்னர்ஜி, பந்தோபாத்யாய் என்றும் போட்டுப் பாருங்கள். அவருடைய ஆட்டங்கள் நமக்குக் கிடைப்பதே கோக்ரேனோடு மோதியதால்தான். ஆகவே இந்திய ஆட்டக்காரரைத் தேடும்போது எதிராளியின் கடிதங்களையும் அவர் அனுப்பிய ஆட்டக் குறிப்புகளையும் தேடுங்கள். வங்காளிப் பெயரானால் வங்காளம் படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அக்காலத்து வங்காளப் பத்திரிகைகளும் நிலப் பத்திரங்களும் ஆங்கிலத் தேடலில் அகப்படாது. உழைப்பு அதிகம்தான். ஆனால் நம் ஆட்டக்காரர்களின் வரலாறு இப்படித் தேடினால்தான் மீளும்; நேரம் குறைவாக இருந்தால் இந்திய ஆட்டக்காரரைத் தேடவே அதைச் செலவிடுங்கள் என்பேன்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். தொகுப்பில் அந்த ஆட்டம் உள்ள பக்கத்தை மீண்டும் எடுத்து, பெயருக்குப் பின்னால் 'சி.எஸ்.' போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவர் சிவில் சர்வீஸ்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். நேராக 'ரெஜிஸ்டர்' பட்டியலுக்குப் போய்விடலாம்.