மெலிந்தவற்றை முதலில் எடுங்கள்

கேள்வி: செந்தூல் தரைவீட்டை விற்றுவிட்டு மகனின் கொண்டோவுக்குக் குடிபோகிறேன். ஆயிரத்துக்கும் மேல் புத்தகங்கள். கல்கியின் கெட்டி அட்டைத் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஏதாவது ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலாலம்பூர்

பதில்: தலைகீழாகச் செய்கிறீர்கள், ஐயா.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. புதுப் பதிப்பு எப்போதும் கிடைக்கும். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் 'பொன்னியின் செல்வன்' இலவசமாகவே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போடாமலும் படிக்கலாம். கிடைக்காதவை, உங்கள் அலமாரியில் அந்தக் கெட்டி அட்டைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் மெலிந்த நூல்கள்தான். கும்பாபிஷேக மலர். பள்ளி ஆண்டு மலர். உள்ளூர் எழுத்தாளர் சொந்தக் காசில் அச்சடித்து, வெளியீட்டு நாளில் உங்கள் கையில் திணித்த சிறுகதைத் தொகுப்பு (பிரித்தே இருக்க மாட்டீர்கள்). 1966இல் இங்கே முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது யாரோ கொடுத்த துண்டறிக்கை. தமிழ் நேசனிலிருந்து கதைகளைக் கத்தரித்து ஒட்டிய நோட்டு. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழே 2019இல் நின்றுவிட்டது. அந்தக் கதைகளுக்கு யார் மறுபதிப்பு போடப்போகிறார்கள்? அச்சாகும் நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்லும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சரி. மலர் போட்ட கோயில் செயலாளர் அதைச் செய்திருப்பார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

அப்புறம், தமிழ்ப்பள்ளி. உங்கள் பொடி எழுத்துத் துப்பறியும் நாவலைப் பத்து வயதுப் பிள்ளை ஏன் தொட வேண்டும்? நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். நான்கு பெட்டிகளை ஒரு பள்ளியில் இறக்கி, படமும் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டு கழித்துப் போனால், ஸ்டோர் அறையில் அதே பெட்டிகள், நான் ஒட்டிய டேப்போடு. அடியில் கரையான். வேண்டாம் என்று சொல்லத் தலைமையாசிரியைக்குக் கூச்சம். என் வீட்டு இடப் பிரச்சினையை அவர் தலையில் கட்டிவிட்டு, அதற்குத் தானம் என்று பெயரும் வைத்திருக்கிறேன்!

மெலிந்தவற்றைத் தனியே எடுத்து, தலைப்பு, ஆண்டு, அச்சான ஊர் போட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. அங்கும் பல்கலைக்கழக நூலகத்திலும் முதலில் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். வேண்டும் என்றதை மட்டும் கொண்டுபோங்கள். வேண்டாம் என்றாலும் அந்த ஒரு பெட்டி கொண்டோவில் உங்கள் கட்டிலுக்கடியில் அடங்கும். நாவல்களுக்கு நண்பர்களை ஒரு மாலை தேநீருக்குக் கூப்பிடுங்கள், போதும். பள்ளிக்கு, கேட்ட பிறகு, நல்ல நிலையிலுள்ள சிறுவர் நூல்கள் மட்டும்.

பூஞ்சை பிடித்ததையும் இராமபாணப் பூச்சி துளைத்ததையும் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் பக்கத்துப் புத்தகத்துக்கும் தொற்றும். 'சூராட் காபார் லாமா' (பழைய பேப்பர்) என்று கத்திக்கொண்டு லோரி வரும்போது போட்டுவிடலாம். ஆனால் கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நீங்களே புரட்டுங்கள்; மகனிடம் விட்டால் மலர்கள்தான் முதலில் லோரி ஏறும்.