வெயில் இருக்கு, வைட்டமின் டி எங்கே? கர்ப்பிணிகளின் கேள்விகளும் பதில்களும்

கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்கள், ஒரு பாட்டி என்று பலரும் கேட்டவற்றில் வைட்டமின் டி பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. நம்ம ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ரிசல்ட் தப்பாக இருக்குமோ? (கருங்கல் பக்கம்)

பதில்: ரிசல்ட் சரியாகத்தான் இருக்கும், மக்களே. வெயில் ஊருக்கு அடிக்கிறது, உங்கள் தோலுக்கு அடிக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே வருகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட முற்றத்துக்கு இறங்கினாலும் நைட்டியும் அதன்மேல் தோர்த்தும் (துண்டும்). தோலில் வைட்டமின் டியை உண்டாக்குவது வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர். காலை ஏழு மணி இளவெயிலில் அது இல்லை என்றே சொல்லலாம். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாகவும் வராது.

நம் கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வரும். மார்கழியில்கூட நண்பகல் நிழல் ஆள் உயரத்தைவிடக் குட்டைதான். அதனால் வருஷம் முழுவதும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். முற்றத்தில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அந்தக் கதிர் நன்றாகக் கிடைக்கும். காலை பதினொரு மணி வாக்கில், சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, முழங்கைக்குக் கீழும் காலும் வெயில் படும்படி இருபது நிமிஷம் இருங்கள். கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். தலை கிறுகிறுத்தால் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

ஆனால் உங்கள் அளவுக்கு வெயிலை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறோம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட். குறைபாடு இருப்பவர்களுக்கு 1000 முதல் 2000 யூனிட் வரை தினமும் கொடுப்பது வழக்கம், அது பாதுகாப்பானதும்கூட. 4000க்கு மேல் சொந்த முடிவில் போகக் கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு வைட்டமின் டி உங்கள் ரத்தத்திலிருந்துதான் நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. உங்களிடம் 14 இருந்தால் பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். தாய்க்கு மிகவும் குறைந்திருந்து, பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ பிள்ளைக்குக் கால்சியம் இறங்கி வலிப்பு வருவது உண்டு. அப்படி வந்த பிள்ளையை ஒரு முறை பார்த்தவர்கள் இந்த மாத்திரையை அலட்சியமாக நினைக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தருகிறார்கள். தனியாக டி வாங்க வேண்டுமா? (குலசேகரம்)

பதில்: அந்தக் கால்சியம் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அரசு வழிகாட்டுதல்படி ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியத்தோடு 250 யூனிட் வைட்டமின் டி3யும் இருக்கும். பதினான்காம் வாரத்திலிருந்து நாளுக்கு இரண்டு என்றால் 500 யூனிட் ஆயிற்று. குறைபாடு இல்லாதவர்களுக்கு இதுவும் கொஞ்சம் வெயிலும் போதும். நம் வீடுகளில் இந்த மாத்திரைகள் அலமாரியிலேயே கிடந்து காலாவதியாகின்றன என்பதுதான் என் வருத்தம். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் இது தொடர வேண்டும்.

கேள்வி: நாங்கள் கடற்கரைக்காரர்கள், தினமும் மீன்தான். எங்களுக்கும் குறையுமா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க சுறாப் புட்டு கொடுக்கலாமா? (குளச்சல்)

பதில்: சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) நல்ல மீன்கள், கொழுப்போடு வைட்டமின் டியும் இருக்கிறது. நூறு கிராம் சாளையில் ஏறக்குறைய 200 யூனிட் கிடைக்கலாம், அதுவும் மீனுக்கு மீன் மாறும். ஒரு முட்டை மஞ்சள்கருவில் 40 யூனிட் அளவுதான். அதனால் மீன் சாப்பிடுவது பெரிய உதவி, ஆனாலும் குறையவே குறையாது என்று சொல்ல முடியாது.

சுறா விஷயத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். சுறா கடலில் மற்ற மீனைத் தின்று வளரும் மீன், அதன் சதையில் பாதரசம் சேரும். வளரும் பிள்ளையின் மூளைக்கு அது ஆகாது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும்போதும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. அதே தேங்காய், மிளகு, பூண்டு போட்டு நெத்தோலியில் செய்து கொடுங்கள். பால் சுரப்பது பிள்ளை அடிக்கடி சப்புவதால்தான்.

கேள்வி: வாரம் ஒன்று என்று எழுதியதைக் கவனிக்காமல் 60,000 யூனிட் பாக்கெட்டைத் தினமும் பாலில் கலக்கிக் குடித்துவிட்டேன். ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் மாதம். பயமாக இருக்கிறது. (தக்கலை)

பதில்: இன்றே நிறுத்துங்கள். கால்சியம் மாத்திரையையும் டாக்டரைப் பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள். ஆறு பாக்கெட் என்றால் 3,60,000 யூனிட். பெரும்பாலும் பெரிய கேடு வராது, ஆனாலும் நாளைக்கே போய் ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்த்துவிடுங்கள். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும், சிறுநீரில் போய்விடும் சத்து இல்லை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், அசதி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். பெரிய டோஸ் பாக்கெட் எழுதிக் கொடுத்தால் காலண்டரில் ஒரு கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

கேள்வி: கர்ப்பமானதும் எல்லோரும் வைட்டமின் டி டெஸ்ட் எடுக்க வேண்டுமா? (மார்த்தாண்டம்)

பதில்: வேண்டாம். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள், உடலை முழுக்க மூடும் உடை அணிபவர்கள், முந்தைய பிள்ளைக்கு எலும்பு வளைந்திருந்தவர்கள், எலும்பு வலி உள்ளவர்கள் இவர்களுக்குத்தான் முதலில் பார்ப்பேன். மற்றவர்கள் அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.

கேள்வி: சிசேரியன் முடிந்து முப்பது நாள். ஜன்னல் சாத்திய அறைக்குள்ளேயே இருக்கிறேன், காற்று பட்டால் சன்னி வரும் என்கிறார்கள். இடுப்பும் தொடையும் வலிக்கிறது. முதுகில் போட்ட ஊசிதான் காரணமா? (ஆரல்வாய்மொழி)

பதில்: அந்த ஊசியைக் குற்றம் சொல்லாத வீடே இல்லை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகும், மாதக்கணக்கில் வலிக்க அது காரணமில்லை. குனிந்து பால் கொடுப்பது, தளர்ந்த வயிற்றுத் தசை, தூக்கமின்மை இவைதான் பெரும்பாலும் காரணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குத்தவைத்து உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லையா, படி ஏறும்போது வாத்து மாதிரி ஆடி நடக்கிறீர்களா, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் விரலால் அழுத்தினால் நோகிறதா? அப்படியானால் வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகியிருக்கலாம். கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகான ஓய்வும் வேது குளியும் (மூலிகை வெந்நீர்க் குளியலும்) நல்லவைதான். ஜன்னலை மட்டும் திறந்துவிடுங்கள். பதினொரு மணிக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சன்னி காற்றால் வருவதில்லை.

கேள்வி: பேத்திக்கு நாற்பது நாள். தாய்ப்பால் மட்டும்தான். டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருக்கிறார். தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள், பிறகு எதற்கு? எண்ணெய் தேய்த்துக் காலை வெயிலில் காட்டுகிறோமே? (ஒரு பாட்டி, இரணியல்)

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் இல்லை, ஆனால் வைட்டமின் டி அதில் குறைவு. ஒரு லிட்டர் பாலில் 100 யூனிட்கூடப் பெரும்பாலும் இருக்காது. பிள்ளைக்குத் தினமும் 400 யூனிட் வேண்டும், பிறந்த நாளிலிருந்து ஒரு வயது வரை. இளவெயிலில் அது உண்டாகாது, உச்சி வெயிலில் பிஞ்சுத் தோலைக் காட்டவும் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், அது பிள்ளைக்குச் சுகம். மஞ்சள் காமாலைக்கு வெயில் காட்டுவதாக இருந்தால் அதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சொட்டு மருந்தில் கவனிக்க வேண்டியது அளவு. ஒரு கம்பெனி பாட்டிலில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் 800. வேறு சிலவற்றில் ஒரே சொட்டில் 400. பாட்டில் மாறும்போதெல்லாம் மகளை அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். கூட வரும் டிராப்பரைத்தான் பயன்படுத்த வேண்டும், பழைய பாட்டிலின் டிராப்பர் கூடாது. பால் குடித்த பிறகு பிள்ளையின் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம், வழக்கமான அளவே போதும்.