தலையில் அடி, ஸ்கானில் ஒன்றுமில்லை – ஒரு வாசகர் கடிதம்

வணக்கம் அண்ணா,

விசுவமடுப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பெயர் போடவேண்டாம். 7 கிழமைக்கு முன்னர் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருட்டுப்பட்ட நேரம் ஸ்கூட்டியில் வரும்போது, நடு றோட்டில் படுத்திருந்த மாட்டோடு மோதி விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் நினைவில்லை என்று கூட்டி வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஸ்கானுக்கு வேறு மாவட்டத்துக்கு அனுப்பி எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று பனடோல் தந்து அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்றுவரைக்கும் தலையிடி போகவில்லை. கொப்பி திருத்த இருந்தால் கால் மணித்தியாலத்தில் எழுத்துகள் ஓடுகின்றன. பாடசாலையில் தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் தலைக்குள் அடிப்பதுபோல இருக்கிறது. படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறது. சின்ன விசயத்துக்கும் அழுகை வருகிறது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர். போன முறை இருந்தவர், "ஸ்கான் கிளியர், யோசிக்கிறதை விடுங்கோ" என்றார். வீட்டில் கண்ணூறு என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "தலைக்குள்ள சண்டைக்காலச் செல் துண்டோட சனம் தோட்டம் கொத்துது, உமக்கென்ன?" என்று கேட்டா. எனக்கே வெட்கமாக இருக்கிறது. இது என் மனப்பிரமையா? திரும்ப ஸ்கூட்டி ஓடலாமா?

— ஒரு ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

இது மனப்பிரமை இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும், அழுகை உட்பட, தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவர்களுக்கு வழமையாக வருவது. 'கொன்கஷன்' என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். நான் டொக்டர் இல்லை. ஆனால் குளக்கட்டில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, இதே தலையோடு ஒரு பருவம் முழுக்க இருந்தவன். அதற்குப் பிறகு வாசித்தும் கேட்டும் அறிந்ததை எழுதுகிறேன். உங்களைப் பார்த்துச் சொல்லவேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதால் எழுதுகிறேன்.

ஸ்கானிலிருந்து தொடங்குவோம். அடிபட்ட அன்று சி.ரி. ஸ்கான் எடுப்பது, மண்டையோடு வெடித்திருக்கிறதா, உள்ளே இரத்தம் கசிகிறதா, உடனே ஒப்பரேஷன் தேவையா என்று பார்க்க. அது கிளியர் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நரம்புக் கலங்களின் வேலை குழம்பிப்போயிருப்பதை சி.ரி. காட்டாது. கொன்கஷன் வந்த பெரும்பாலானவர்களின் ஸ்கான் கிளியராகத்தான் இருக்கும்.

மண்டையோட்டுக்குள் மூளை மெதுமையான பொருள். தலை திடீரென்று நிற்கும்போதோ சுழலும்போதோ அது உள்ளே அசைந்து, நரம்பிழைகள் இழுபடுகின்றன. கலத்துக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்கவேண்டிய கல்சியம் உள்ளே வருகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு வழமையை விடக் கூடுதல் சக்தி தேவை. அதே நேரத்தில் மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. வோல்டேஜ் குறைந்த நேரத்தில் யாரோ வயலுக்கு மோட்டரைப் போட, வீட்டு லைற்றெல்லாம் மங்குமே, அந்த நிலை. கொப்பி திருத்துவது அந்த மோட்டர். சிலருக்குச் சந்தை இரைச்சல், சிலருக்கு ரியூப் லைற், சிலருக்கு போன் திரை. எனக்குப் பேப்பர். ஒரு பந்தியின் மூன்றாவது வரிக்கு வரும்போது முதல் வரியில் யார் என்ன சொன்னார் என்பது போய்விடும். திரும்ப மேலே போவேன். இரண்டாவது தரம் போகும்போது கண்ணுக்குப் பின்னால் இறுக்கத் தொடங்கும்.

பெரும்பாலான பெரியவர்களுக்கு இது சில நாட்களில், கூடினால் சில கிழமைகளில் சரியாகிவிடும். ஒரு பங்கினருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்கு இழுக்கிறது. இப்படி இழுக்கும்போது காரணம் ஒன்றாக இருப்பதில்லை. "யோசிக்காதைங்கோ" என்று அனுப்பியதில் எனக்கு வரும் கோபம் இங்கேதான். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் சிலவற்றுக்கு நல்ல வைத்தியம் இருக்கிறது.

படுக்கையில் புரண்டால் அறை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைக் கிளினிக்கில் யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் இவ்வளவு நாள் போயிருக்காது என்று நினைக்கிறேன். உட்காதில் சமநிலைக்கென்று மிகச் சின்னக் கற்துகள்கள் இருக்கின்றன. தலையில் அடிபட்டால் அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடலாம். தலையைத் திருப்பும்போது சில வினாடிகள் உலகம் சுற்றும், பிறகு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டில் போதும்: டொக்டர் உங்கள் தலையை ஒரு பக்கம் திருப்பி, வேகமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, கண்ணின் அசைவைப் பார்ப்பார். அதுதான் என்றால், எப்லி முறை என்று ஒன்று இருக்கிறது. தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவது. மருந்து வேண்டாம், மெசின் வேண்டாம். பலருக்கு ஓரிரு தடவையிலேயே சுற்று நின்றுவிடுகிறது. ஆனால் விழுந்தபோது கழுத்தும் அடிபட்டிருக்கக்கூடும் என்பதால் முதலில் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கிளினிக்கில் தெரியாது என்றால், காது மூக்கு தொண்டை நிபுணருக்கு ஒரு கடிதம் கேளுங்கள். கேட்டு வாங்குங்கள் ரீச்சர், தந்தால் வாங்குவோம் என்று இருக்கவேண்டாம்.

தலையிடியிலும் ஒரு பங்கு கழுத்திலிருந்து வரலாம். பிசியோதெரபி அதற்கு உதவும். யாராவது கழுத்தைச் சொடுக்கி எடுத்துவிட்டால் சரிவரும் என்று பரியாரியிடம் கூட்டிப்போகப் பார்ப்பார்கள். போகவே வேண்டாம். கண்ணூறுக்குத் திருநீறு போடுவதால் ஒரு கெடுதலும் இல்லை. போடுகிறவரின் மனமும் ஆறும். கழுத்தில் கை வைக்க விடாதீர்கள்.

பனடோலைப் பற்றியும் சொல்லவேண்டும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் அதைப் போட்டு, அப்படியே மாதங்கள் போனால், குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கலாம். நீங்கள் எத்தனை போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கிளினிக்கில் அந்தக் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வு விசயத்தில் வீட்டார் பழைய முறையில் உங்களை இருட்டறையில் படுக்கவைத்திருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். முன்பு டொக்டர்மாரும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது அது மாறிவிட்டது. 2022 இல் ஆம்ஸ்ரர்டாமில் கூடிய விளையாட்டுக் கொன்கஷன் மாநாட்டின் அறிக்கை, முதல் 24–48 மணித்தியாலம் இலேசான ஓய்வு, பிறகு சிறிது சிறிதாக நடமாட்டம் என்கிறது. நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ தலையிடி கொஞ்சம் கூடினால் பயப்படவேண்டாம்: பத்துக்குள் புள்ளி போட்டால் இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணித்தியாலத்துக்குள் பழையபடி இறங்கினால் அந்த அளவு சரி. அதற்கு மேல் போனால் அடுத்த நாள் குறைத்துக்கொள்வது. கணித ரீச்சருக்கு இந்தக் கணக்கு கை வரும். வெயில் ஏற முன்னர் காலையில் நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள். 15 நிமிடத்தில் எழுத்து ஓடுகிறது என்றால் 10 நிமிடத்தில் கொப்பியை மூடிவிட்டு எழும்புங்கள். நான்கைந்து நாள் அதில் நின்று, பிறகு கூட்டுங்கள்.

பாடசாலைக்கு முழு நாள் போவதா, லீவில் நிற்பதா என்ற இரண்டு மட்டும்தான் வழி என்று எண்ணவேண்டாம். மெடிக்கல் எழுதும் டொக்டரிடமே, குறைந்த பாடவேளைகளோடு தொடங்கலாம் என்று எழுதித் தரக் கேளுங்கள். அதிபரிடம் அந்தக் கடிதத்தோடு போனால் கதைக்க இலகு. ஆரும் நம்பாத தலையிடியை வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவீர்கள், கடிதம் உங்களுக்காகப் பேசும்.

இனி உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு வருகிறேன். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் வலித்த இடம் அதுதான். அவவைக் குறை சொல்லமாட்டேன். 2009 இறுதிப் போரில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நின்று தப்பிய சனத்திடம் காயத்துக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. இரத்தம் கண்டால் காயம், கால் போனால் காயம். மற்றதெல்லாம் நொட்டை. புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியாக்கி, மருந்தில்லாமல் வைத்தியம் செய்த டொக்டர்மாரை நாங்கள் கண்டோம். அந்த நன்றி எங்களுக்குள் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த நன்றியால் இன்றைக்குக் கிளினிக் வாங்கில் இருந்துகொண்டு, "டொக்டர், நீங்கள் நான் சொன்னதைக் கேக்கேல்லை" என்று சொல்லவும் வாய் வராமல் போய்விட்டது.

செல் விழுந்த இடத்தில் நின்று, துண்டு ஒன்றும் படாமல் தப்பியவர்களுக்கும் வெடியின் அழுத்தத்தால் மூளை அதிர்ந்திருக்கலாம். 1915 இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்ற மருத்துவர், முதலாம் உலகப் போர்க்களத்திலிருந்து வந்த சிப்பாய்கள் மூவரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். வெளியில் காயமில்லை, ஆனால் நினைவும் பார்வையும் குழம்பியிருந்தன. அது மூளையா மனமா என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் நூறு வருடம் கடந்தும் தீரவில்லை. எங்கள் வன்னியில் எத்தனை பேர் 2009 க்குப் பிறகு மறதியோடும் தலையிடியோடும் கோபத்தோடும் இருக்கிறார்கள், எத்தனை வீட்டில் அதை "அவர் இப்ப ஒரு மாதிரி" என்று சொல்லி விட்டுவிட்டார்கள்? யாரும் அவர்களை இருத்திக் கேட்கவில்லை. உங்கள் தலையிடியைச் சின்னது என்று தள்ளினால் அவர்களுடையதையும் சேர்த்துத்தான் தள்ளுகிறோம். வெட்கப்படாதீர்கள்.

இதோடு வன்னி வாசகர்கள் எல்லோருக்கும் ஒன்று: உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருக்கிறவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகமுன்னர் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். மூளைக்கோ கண்ணுக்கோ கிட்ட இருக்கும் இரும்புத் துண்டு அசைந்தால் ஆபத்து. எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.

கிளினிக்கைப் பற்றி. எனக்கும் அதுவே நடந்தது. விடிய நம்பர் எடுத்து, மத்தியானம் உள்ளே போக, டொக்டர் தலை நிமிராமல் விற்றமின் எழுதித் தந்தார். நான் வாசிக்க முடியாமல் இருப்பதைச் சொல்லத் தொடங்கமுன் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வாசலில் நிற்கிற சனத்தொகையும் தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன டொக்டர்மாரால் வந்த வெற்றிடமும் தெரியும். தமிழ் சரளமில்லாத டொக்டரும் சிங்களம் தெரியாத நோயாளியும் இரண்டு நிமிடத்துக்குள் பேசி முடிக்கவேண்டியிருப்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன்: துண்டு வெட்டும்போது, இன்ன இன்ன வரலாம், இப்படி நடந்துகொள்ளுங்கள், இது வந்தால் உடனே ஓடி வாருங்கள் என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்கப் புது மெசினும் வேண்டாம், நிபுணரும் வேண்டாம். அது இல்லாததற்கு எந்தச் சமாதானத்தையும் நான் ஏற்கமாட்டேன்.

அது வரும்வரை நீங்களே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். விழுந்த திகதி, எவ்வளவு நேரம் நினைவில்லை, இப்போது இருக்கும் தொல்லைகளில் மோசமானவை மூன்று, எதைச் செய்தால் கூடுகிறது, என்ன குளிசை எத்தனை. டயக்னோசிஸ் கார்டோடு சேர்த்து மேசையில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் புது டொக்டர் என்றால் அந்தத் தாள்தான் பழைய டொக்டர். வீட்டுக்காரரையும் உள்ளே கூட்டிப்போங்கள், நீங்கள் மறப்பதை அவர் சொல்வார். நித்திரைக் குழப்பமும் அழுகையும் தொடர்ந்தால் மனநலக் கிளினிக்குக்கும் போகலாம். தலையில் அடிபட்டால் மனமும் களைக்கும். அங்கே போவதால் மற்றதெல்லாம் பொய் என்று ஆகாது.

தலையிடி நாளுக்கு நாள் ஏறுவது, திரும்பத் திரும்பச் சத்தி, எழுப்பினாலும் தூங்கி விழுவது, ஒரு பக்கக் கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, வலிப்பு. இதில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடியுங்கள். மூளைக்கு மேலே மெதுவாகக் கசியும் இரத்தம் சில கிழமைகள் கழித்தும் காட்டும், அன்றைய ஸ்கான் கிளியராக இருந்தாலும். முக்கியமாக வயது போனவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும்.

ஸ்கூட்டி இப்போது வேண்டாம். தலையைத் திருப்பினால் சுற்றுகிற ஒருவர், குறுக்கே மாடு வரும் வீதியில் இறங்கக்கூடாது. முதல் அடி ஆறமுன் இரண்டாவது அடி பட்டால் ஆற இன்னும் நாள் எடுக்கும். சுற்று நின்று, டொக்டரும் சரி என்ற பிறகு, முதலில் பகலில், ஒழுங்கைக்குள் ஓடிப் பாருங்கள். அன்று போட்டிருந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடவேண்டாம். வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே இருக்கும் ரெஜிபோம் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. அதை வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், வெட்டி எறிந்துவிடுங்கள்.